தமிழ்நாட்டில் வால்வு ஆம்ப்ளிஃபையர்களும் வால்வு மாற்றமும்

வால்வு மாற்றம் என்பது ஒலி ஆம்ப்ளிஃபையரில் உள்ள வெற்றிடக் குழல்களைக் கழற்றி, அதே வகையைச் சேர்ந்த வேறு தயாரிப்பையோ, அதற்கு ஈடான வேறு எண்ணுள்ள குழலையோ பொருத்தி ஒலியின் தன்மையை மாற்றும் வழக்கமாகும். இன்று இது இசை ரசிகர்களின் பொழுதுபோக்கு. 1940 முதல் 1970கள் வரை தமிழ்நாட்டின் மைக்செட் காரர்களுக்கும் ரேடியோ பழுதுபார்ப்போருக்கும் இது பிழைப்பு. இரவுக் கூத்து நடக்கும்போது ஆம்ப்ளிஃபையர் ஊமையானால் கையில் எந்த வால்வு இருக்கிறதோ அதைப் பொருத்தித்தான் விடியும்வரை ஓட்ட வேண்டியிருந்தது. வெற்றிடக் குழல், வெற்றிடக் குழாய் என்று பாடநூல்கள் எழுதினாலும் கடைத்தெருவில் அதன் பெயர் வால்வுதான். இக்கட்டுரையும் அச்சொல்லையே பயன்படுத்துகிறது.

தொடக்கம்

ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 1904இல் இரு மின்வாய் வால்வை உருவாக்கினார். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் அடைப்பான் போல அது வேலை செய்ததால் 'வால்வு' என்ற பெயர் வந்தது. 1906-07இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். சூடான கேத்தோடிலிருந்து தகட்டை நோக்கிப் பாயும் எலெக்ட்ரான்களை அந்த வலையில் தரப்படும் மிகச் சிறிய மின்னழுத்தம் கட்டுப்படுத்தியது. மதகைச் சிறிது ஏற்றி இறக்கினால் பெருவெள்ளம் கூடிக் குறைவது போன்றது இது. மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்குறியை ஒரு கூட்டம் முழுவதும் கேட்கும் ஒலியாக்க முடிந்தது இதனால்தான். 1926இல் பிலிப்ஸ் ஆய்வகத்தின் டெல்லகன் ஐந்து மின்வாய் வால்வை வடிவமைத்தார். 1936இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 6எல்6 என்னும் ஆற்றல் வால்வை வெளியிட்டது. மேடை ஆம்ப்ளிஃபையர்களின் வரலாறு பெரும்பாலும் இந்த 6எல்6-இன் வழிவந்ததே.

சென்னைக்கு வால்வு வானொலி வழியாக வந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 31 முதல் 40 வாட் ஆற்றலுள்ள கருவியால் ஒலிபரப்பு நடந்தது. பணமின்றி 1927இல் கிளப் நின்றபோது கருவி சென்னை மாநகராட்சியிடம் சென்றது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் ரேடியோ வாங்க முடியாதவர்கள் கடற்கரையிலும் பூங்காவிலும் வைக்கப்பட்ட ஒலிபெருக்கிகளின் முன் கூடிக் கேட்டனர். தமிழ் மக்களில் பெரும்பாலோர் வால்வின் வேலையை முதலில் கேட்டது இப்படிப் பொது இடத்தில்தான் என்பது கவனிக்கத்தக்கது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் மாநகராட்சியின் பணி முடிந்தது.

பேசும்படமும் வால்வை நம்பியே வந்தது. 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானது. படச்சுருளின் ஓரத்தில் ஒளிவடிவில் பதிந்திருக்கும் ஒலியைப் படிக்கும் ஒளிமின்கலம் தரும் மின்னோட்டம் மிக அற்பமானது. வால்வு இல்லையேல் அது அரங்கின் முதல் வரிசையைக்கூட எட்டாது. பிறகு ஊர் ஊராகச் சென்ற டூரிங் டாக்கீஸ்களின் கொட்டகைகளிலும் இதே ஏற்பாடுதான்.

மைக்செட்

1930களில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு நானிக் மோட்வானேயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் ஒலிபெருக்கி அமைத்தது. அரசியல் மேடைக்குப் பின் கோயில் திருவிழா, நாடகம், திருமணம் என மைக்செட் பரவியது. மைக், ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பிளேயர், மரத்திலோ மூங்கிலிலோ கட்டப்படும் குழாய் ஸ்பீக்கர் ஆகியவை சேர்ந்ததே ஒரு மைக்செட். 'குழாய் கட்டியாச்சா' என்று கேட்டால் விழா தொடங்கிவிட்டதா என்று பொருள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவ உபரிப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் 807 என்ற வால்வு ஏராளம். அது 6எல்6-இன் வழிவந்த, ஒலிபரப்புக் கருவிகளுக்கான வடிவம். இழைக்குத் தேவையான 6.3 வோல்ட், 0.9 ஆம்பியர் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் 807க்கு அடியில் ஐந்து கால்கள், தகட்டின் இணைப்பு தலையுச்சியில். சாக்கெட்டை மாற்றி, உச்சித் தொப்பிக்கு ஒரு கம்பி இழுத்தால் விலையுயர்ந்த 6எல்6 இருந்த இடத்தில் மலிவான 807 வேலை செய்யும். உச்சியில் நானூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதை மறந்தவருக்குத்தான் ஆபத்து. இங்கே வால்வு மாற்றம் ஒலியின் இனிமைக்காகத் தொடங்கவில்லை, கிடைப்பதைக் கொண்டு ஓட்டுவதற்காகத் தொடங்கியது.

உள்நாட்டு உற்பத்தியின் கதை வேறு. 1941இல் கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்தார். ஆனால் வால்வு மட்டும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. பெட்டி, சுருள், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் உள்ளூரில் செய்யலாம். கண்ணாடிக்குள் வெற்றிடத்தை அடைத்து, நுண்ணிய வலையைச் சுற்றி, கேத்தோடுக்கு ஆக்சைடு பூசுவது பட்டறை வேலை அன்று. 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) 1961இல் பிலிப்ஸின் ஒத்துழைப்புடன் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரும் உற்பத்தியானது. வால்வு இந்தியாவில் பிறந்தபோதே அதன் வாரிசும் பக்கத்துக் கட்டடத்தில் பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

பிலிப்ஸ் வழியாக வந்ததால் பெல் வால்வுகளுக்கு ஐரோப்பியப் பெயரே அமைந்தது. அப்பெயர் ஒரு சுருக்கெழுத்து. இஎல்84 என்றால் 'இ' இழைக்கு 6.3 வோல்ட், 'எல்' ஆற்றல் பென்ட்டோடு, எண்பதில் தொடங்கும் எண் ஒன்பது கால் சிறு வால்வு. இசிசி83 என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. 'டி'யில் தொடங்குபவை 1.4 வோல்ட் பேட்டரி வால்வுகள். 'யு'வில் தொடங்குபவை 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்புக்கானவை. இதைப் படிக்கத் தெரிந்த கடைக்காரர் பட்டியலைப் புரட்டாமலே ஈடு சொல்வார்.

ஏரிக்கரையில்

பொன்னேரி வட்டத்தின் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் கிராமங்களை எண்ணிப் பார்த்தால் வால்வுக் கருவியின் பலவீனங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரியும். ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டுக் குப்பங்களுக்குப் பாலம் வருமுன் படகுதான் வழி. இருபது கிலோ எடையுள்ள டிரான்ஸ்ஃபார்மர்களோடு கூடிய ஆம்ப்ளிஃபையரும், குலுங்கினால் வலை நகர்ந்துவிடும் கண்ணாடி வால்வுகளும் படகுப் பயணத்துக்கு ஏற்றவை அல்ல. வால்வைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே எடுத்துச் செல்வதே பாதுகாப்பு. மின்சாரம் இல்லாத இடத்தில் கார் பேட்டரியும், அதன் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குத் தரும் வைப்ரேட்டரும் வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய எதிரி உப்புக் காற்று. வால்வின் கால்களிலும் சாக்கெட்டின் பிடிப்புகளிலும் கறை படியும். தொடர்பு தளர்ந்தால் ஒலி கரகரக்கும், விட்டுவிட்டு வரும், மங்கும். கேட்பவர் 'வால்வு போச்சு' என்பார். பழைய வால்வைப் பிடுங்கிப் புதியதைச் செருகியதும் ஒலி தெளிவாகும். ஆனால் பிடுங்கிச் செருகும்போதே சாக்கெட்டின் பிடிப்பில் இருந்த கறை உரசித் தேய்ந்துவிடுகிறது. அதே பழைய வால்வை மறுபடி செருகினாலும் பல நேரம் அதே தெளிவு வரும். வால்வு மாற்றத்தின் புகழில் ஒரு பங்கு உண்மையில் சாக்கெட்டைத் துடைத்ததற்குச் சேர வேண்டும். ஒரு புது வால்வின் விலை ஒரு குடும்பத்தின் பல நாள் வருமானத்துக்குச் சமமாக இருந்த காலத்தில் இந்த வேறுபாட்டை அறிந்த மெக்கானிக் ஊருக்குச் செய்த உதவி சிறியதல்ல.

குறைந்த மின்னழுத்தமும் இதே போன்ற மயக்கத்தைத் தந்தது. 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 180 வந்தால் இழைக்கு 6.3க்குப் பதில் 5 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். கேத்தோடு சூடேறாது, எலெக்ட்ரான் குறையும், ஒலி சோரும். இதற்குப் புதுவால்வு மருந்தல்ல.

டிரான்சிஸ்டர் வந்தபோது இங்கே அதற்குத் தடை இல்லாத வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. அகில இந்திய வானொலி மீனவர்களுக்குத் தரும் வானிலை எச்சரிக்கையைப் படகிலேயே கேட்க ஒரு கைப்பெட்டி போதும் என்றானது. 90 வோல்ட் பேட்டரி கேட்கும் வால்வு செட்டால் அது முடியாது. வால்வின் ஒலி இனிமை பற்றிய ஏக்கம் பெரும்பாலும் நகரத்து ஏக்கம்.

எதை மாற்றினால் எது மாறும்

முன்நிலை வால்வுகளை மாற்றுவது எளிது. இசிசி83, இசிசி81, இசிசி82 (அமெரிக்க எண்களில் 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7) மூன்றுக்கும் கால்களின் அமைப்பு ஒன்றே, இழை மின்னோட்டமும் ஒன்றே. பெருக்கக் காரணி மட்டும் 100, 60, ஏறத்தாழ 17 முதல் 20 என வேறுபடும். மைக் ஊளையிடுகிறது என்று 83ஐ எடுத்து 81ஐப் போடுவது மேடைகளில் அறிந்த உத்தி. ஊளை குறையும், ஆனால் அது ஒலிக் குமிழைச் சற்றுக் குறைத்ததற்குச் சமமே. ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குத் திரும்பும் வழி அப்படியேதான் இருக்கிறது.

உண்மையான பயன் இரைச்சலில் கிடைக்கும். ஒரே எண்ணுள்ள இரு வால்வுகளில் ஒன்று அமைதியாகவும் மற்றொன்று சீறலுடனும் இருக்கலாம். சில வால்வுகளின் உள்ளுறுப்பு தளர்ந்து, அதிர்ந்தால் தாமே மைக் போல மணியோசை எழுப்பும். ஓடும் ஆம்ப்ளிஃபையரின் வால்வைப் பென்சில் முனையால் மெல்லத் தட்டினால் இது தெரிந்துவிடும். மைக்கிலிருந்து குறி முதலில் நுழையும் வால்வுக்கு அமைதியானதைத் தேர்ந்து வைப்பது எந்தக் காலத்திலும் பொருளுள்ள வேலை.

ஆற்றல் வால்வில்தான் சிக்கல். 6வி6, 6எல்6, இஎல்34, கேடி88 நான்கும் ஒரே எட்டுக்கால் சாக்கெட்டில் இறங்கும். இறங்குவதாலேயே ஏற்றது என்று நினைப்பது பல டிரான்ஸ்ஃபார்மர்களை எரித்திருக்கிறது. 6வி6-இன் இழை 0.45 ஆம்பியர் எடுக்கும், 6எல்6 அதன் இரு மடங்கு. நான்கு 6எல்6 இருந்த இடத்தில் நான்கு இஎல்34 வைத்தால், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் கேட்பதால், மொத்தம் 2.4 ஆம்பியர் கூடுகிறது. அது 15 வாட் கூடுதல் சுமை. இதை எதிர்பார்க்காத டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும். தவிர இஎல்34-இன் மூன்றாம் வலை முதற்காலில் தனியே வெளிவருகிறது, அதைக் கேத்தோடின் எட்டாம் காலோடு இணைக்க வேண்டும். 6எல்6-இல் முதற்காலுக்கு அப்படி வேலை இல்லை. ஆகவே சில தயாரிப்பாளர்கள் அந்தக் காலை வேறு கம்பிகளை முடிச்சிடும் இடமாகப் பயன்படுத்தினர். அதில் இஎல்34ஐச் செருகினால் என்ன ஆகும் என்பது அந்த முடிச்சில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதோடு பயஸ் சேர்கிறது. வலைக்குத் தரும் எதிர்மின்னழுத்தம் போதாவிட்டால் ஓட்டம் மிகும், தகடு சிவக்கும். இருளில் பார்த்தால் இழையின் ஆரஞ்சு நிறத்துக்கு வெளியே மந்தமான சிவப்பு தெரியும். உடனே நிறுத்தாவிட்டால் வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். இஎல்34-இன் தகடு தாங்கும் வெப்பம் 25 வாட்தான். புஷ்-புல் அமைப்பில் இரு வால்வுகளும் சமமாக ஓட்டம் எடுக்கவேண்டும் என்பதால் ஒன்றை மட்டும் மாற்றுவதும் நல்லதல்ல. ஆயினும் கையில் ஒன்றே ஒன்று இருக்கும் இரவில் யாரும் இதைப் பார்ப்பதில்லை.

மின்திருத்தி வால்வு மாற்றம் பற்றிப் பெருமையாகப் பேசப்படுவதுண்டு. 5யு4-க்குப் பதில் ஜிஇசட்34 வைத்தால் உள்ளே இழக்கப்படும் அழுத்தம் குறைந்து, மேலழுத்தம் 400இலிருந்து 425 வோல்ட்டுக்கு ஏறுகிறது என்று கொள்வோம். ஆற்றல் 13 விழுக்காடு கூடும். காதுக்கு அது அரை டெசிபல். கவனித்துக் கேட்பவர்க்கும் பிடிபடுவது அரிது. ஆனால் பழைய மின்தேக்கிகளுக்கு அந்த 25 வோல்ட் நன்றாகவே பிடிபடும்.

வீட்டு ரேடியோக்களில் 'யு' வரிசை வால்வுகளின் இழைகள் சீரியல் விளக்கு போல ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் எல்லாம் இருளும். அங்கே இழை மின்னோட்டம் வேறான வால்வைப் பொருத்தினால் வரிசையில் உள்ள மற்றவை கெடும். இவ்வகை செட்டுகளில் சேசிஸே மின்கம்பியோடு நேரடியாகத் தொடர்புற்றிருந்ததால் பழுதுபார்த்தவர்கள் பட்ட அடியும் அதிகம்.

விவாதம்

மேலை நாடுகளில் 1970இல் ஆடியோ ரிசர்ச் போன்ற நிறுவனங்கள் மீண்டும் வால்வு ஆம்ப்ளிஃபையர்களைத் தயாரித்தன. 1973இல் ரஸ்ஸல் ஹாம் ஒலிப்பொறியியல் கழக இதழில் வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் காதுக்குப் புலப்படும் வேறுபாடு உண்டா என்று ஆராய்ந்து, தாங்கும் அளவுக்கு மேல் குறி வரும்போது இரண்டும் வேறு வேறு விதமான இசைத்தொனிகளைச் சேர்க்கின்றன என்று காட்டினார். குழாய் ஸ்பீக்கரில் எப்போதும் முழு வீச்சில் ஓடிய நம் மைக்செட்டுகள் பெரும்பாலும் அந்த எல்லையில்தான் ஓடின. பழைய நாதஸ்வர இசைத்தட்டு அவற்றில் கேட்டது போல இப்போது கேட்பதில்லை என்பவர்களின் பேச்சில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை அளவான திரிபின் உண்மை.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 1985இல் பாப் கார்வர் தம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரைத் திருத்தி, விலையுயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரைப் போலவே ஒலிக்கச் செய்தார். 'ஸ்டீரியோஃபைல்' இதழின் விமர்சகர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. ஒலியின் குணம் கண்ணாடிக்குள் மட்டும் இல்லை, சுற்று முழுவதிலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலும் இருக்கிறது என்பதே இதன் பொருள். ஒரே சுற்றில், ஒரே எண்ணில், நலமாக உள்ள இரு தயாரிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு இன்னும் நுண்ணியது. அதற்காகப் பெருந்தொகை செலவிடுவது நம்பிக்கையின் பாற்பட்டது.

இன்றைய நிலை

மல்லர்டு, ஆர்.சி.ஏ. போன்ற பெயர்பெற்ற ஆலைகள் 1970களின் நடுவிலிருந்து ஒவ்வொன்றாக வால்வை விட்டன. பெல் நிறுவனமும் ரேடியோ வால்வுகளை நிறுத்தியது. இன்று ஒலி வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா நாடுகளிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது உலகெங்கும் ரசிகர்கள் அவசரமாக வாங்கிக் குவித்தனர்.

தமிழ்நாட்டில் குழாய் ஸ்பீக்கர் சட்டத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. பழைய மைக்செட்டுகளைச் சேகரித்து ஓட்டிக் காட்டுவோர் மாவட்டந்தோறும் உள்ளனர். சென்னையில் பழைய ரேடியோப் பொருள்களின் களஞ்சியமாக இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. ரிச்சி தெருவில் இப்போதும் தேடினால் பெட்டி பிரியாத பெல் வால்வுகள் கிடைப்பதுண்டு. வாங்குவோர் பார்க்க வேண்டியது கண்ணாடியின் உட்புறத்தில் உள்ள வெள்ளி நிறப் பூச்சு. எஞ்சிய வளியை உறிஞ்ச வைக்கப்பட்ட பேரியம் அது. காற்றுப் புகுந்துவிட்டால் பால் வெள்ளையாகிவிடும். மேலே அச்சிட்ட பெயரைத் துடைத்து வேறு பெயர் அச்சிடுவது எளிது. பிலிப்ஸ் குழும ஆலைகள் கண்ணாடியின் அடியில் பொறித்த குறியீட்டை அப்படி மாற்றுவது கடினம். அதில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்த வால்வு மல்லர்டின் பிளாக்பர்ன் ஆலையில் பிறந்தது.